சேம அச்சு

சங்கத் தமிழ் பயின்றார்க்கு உமணரைப் புதிதாக அறிமுகஞ் செய்தல் வேண்டா. கடற்கரையிலே விளைந்த உப்பை வண்டிகளில் ஏற்றி, காடும் மேடுங் கடந்து, உள்நாட்டு ஊர்களிலே நெல்லுக்கு மாற்றி வந்த வணிகர் அவர். அவர்தம் வண்டி ஒன்றைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையிலே நமக்குக் காட்டுகின்றார். வண்டிக்கு மேலே வேய்ந்த கூரை இருக்கின்றது. கோழிகள் அடையுங் கூடு இருக்கின்றது. சிறிய உரல் ஒன்று கட்டித் தொங்குகின்றது. முன்புறத்திலே காடி வைத்த கலம் இருக்கின்றது. மகவை உடைய பெண்ணொருத்தி எருதுகளைச் செலுத்துகின்றாள். வணிகத்தின் பொருட்டுப் புறப்பட்ட வண்டிதான். ஆயினும் அடுக்களையும் குழந்தையும் கோழியும் கூடவே செல்கின்றமையால் அது வண்டி மட்டுமன்று, வீடுமாகும்.

முப்பது ஆண்டுகளாக இப்பகுதியை மாணாக்கர்க்குக் கற்பித்து வருகின்றேன். சொற்பொருள் உரைத்தேன், உவமை நயம் உரைத்தேன், தேர்வில் வரத்தக்க வினாக்களையும் உரைத்தேன். ஆனால் அந்த வண்டியிலே ஒரு நாளேனும் ஏறியிருந்து பார்த்தேனில்லை. சென்ற ஆவணி மாதப் பாடசாலை விடுமுறையிலேதான் அப்பேறு எனக்கு வாய்த்தது. உமணர் வண்டியன்று, என் தம்பியின் மகன் வாங்கிய பழைய யப்பானிய வான்.

'வான்' என்று எழுதும்போது பண்டிதர்கள் முகஞ் சுளிக்கலாம். வானும் மழையும் ஒரு சொல்லாய் நின்ற மொழியிலே வாடகை வாகனமும் அதே ஒலியைப் பெற்றுவிட்டதே என்று நானும் முன்பு வருந்தியதுண்டு. இப்பொழுது அவ்வருத்தம் இல்லை. மேலே கூரையாய் நின்று, நிழல் தந்து, நம்மோடு கூடவே வருவதனை வான் என்று வழங்கினால் என்ன குறை?

பெறாமகன் வாகனத் தச்சுவேலை அறிந்தவன். வானின் பின் ஆசனங்களைக் கழற்றிவிட்டு, பலகையால் இருவர் படுக்கத்தக்க கட்டில் ஒன்று அமைத்தான். கட்டிலின் அடியிலே அரிசி, பருப்பு, பாத்திரங்கள் வைக்கப் பெட்டிகள். பின் கதவைத் திறந்தால் காஸ் அடுப்பு. பக்கத்திலே தண்ணீர்க் கலன். கூரையின்மேல் ஒரு சூரிய மின்தகடு, அதனால் எரியும் சிறு விளக்கும் சுழலும் விசிறியும். சன்னல்களுக்கு நுளம்பு வலை. "பெரியப்பா, இனி எங்களுக்கு லொட்ஜும் வேண்டாம், கடைச் சாப்பாடும் வேண்டாம்" என்றான்.

இத்தகைய உருளும் இல்லங்கள் மேனாடுகளிலே பெருவழக்கு. இன்பச் செலவுக்கென்றே கூடார வண்டி செய்வித்தவர்களுள் முன்னோடியாகக் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் மருத்துவரைக் கூறுவர். அவர் 1885ஆம் ஆண்டிலே இரு குதிரைகள் இழுக்கும் வண்டியொன்றைச் செய்வித்து, அதற்கு 'அலைவோன்' எனப் பொருள்படும் பெயரிட்டு, இங்கிலாந்திலிருந்து ஸ்கொத்லாந்துவரை சென்று, அச்செலவை நூலாகவும் எழுதினார். பின்னர் 1951இல், ஜெர்மனியின் வெஸ்ட்பாலியா நிறுவனத்தார் வோல்க்ஸ்வாகன் வானுக்குள்ளே வைக்கத்தக்க மடக்குக் கட்டிலும் அடுக்குப் பெட்டியும் செய்து விற்கத் தொடங்கினர். இவை நல்ல செய்திகளே. ஆயினும், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம் வண்டியிலே உரலும் கோழிக்கூடும் இருந்தன என்பதைப் பெறாமகனுக்குச் சொல்லாதிருக்க என் நா இடந்தரவில்லை. அவன் சிரித்துவிட்டு, "அப்ப கோழியும் ஏத்துவமா?" என்று கேட்டான்.

* * *

எங்கள் சம்பூர், கொட்டியாரக் குடாவின் தென்கரையிலே உள்ளது. குடாவின் மறுகரையிலே திருகோணமலைத் துறைமுகத்தின் விளக்குகள் இரவில் எமக்குத் தெரியும். 1660ஆம் ஆண்டிலே றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில இளைஞன் கண்டியரசன் ஆட்களிடம் அகப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகள் ஊர் திரும்பாமல் இருந்ததற்குத் தொடக்கமும் இந்தக் கொட்டியாரமே. ஊரிழந்த கதை ஒன்றை உலகுக்குத் தந்த கரை என்று இதனைச் சொல்லலாம். அக்கதை எங்களுடையதாகவும் ஆகும் என்று இளமையிலே யார் எண்ணினார்?

இளமையிலே நான் அறிந்த நெடுஞ்செலவு, வெருகற் கோயிலுக்கு மாட்டு வண்டியிலே போவதுதான். வண்டிக்குக் கிடுகால் வளைவுக் கூடாரம். உள்ளே வைக்கோல் பரப்பி, அதன்மேல் பன்பாய். அரிசி மூட்டை, அகப்பை, பானை, தயிர்ச் சட்டி எல்லாம் ஏறும். அம்மம்மாவும் அம்மாவும் அக்காவும் உள்ளே, அப்பா முன்னே, நான் தொங்கலிலே காலைத் தொங்கவிட்டபடி. அம்மம்மாவுக்குப் பல் இல்லை. ஆகையால் அம்மா ஓடும் வண்டியிலேயே பாக்குரலை மடியில் வைத்து வெற்றிலை இடிப்பார். கல்லிலே சில்லு ஏறும்போது பாக்குரலின் ஓசையும் தாளந் தப்பும். அக்காவும் நானும் சிரிப்போம். மரநிழல் கண்ட இடத்தில் மாட்டை அவிழ்த்து, மூன்று கல் கூட்டி உலையேற்றுவோம். இரவு வண்டிக்கு மேலே பெரியோர், கீழே பிள்ளைகள். வெருகலாற்றங்கரையிலே சித்திர வேலாயுதர் சந்நிதியில் அவிழ்த்த வண்டிகள் ஊர் ஊராகக் கூடி நிற்கும். கொட்டியாரத்தின் உறவுகள் எல்லாம் ஆண்டுக்கொரு முறை முகம் பார்த்துக்கொண்டது அந்த வண்டி வரிசையிலேதான். கலியாணப் பேச்சுகள் தொடங்கியதும் அங்கே. பழைய கோபங்கள் தீர்ந்ததும் அங்கே.

மற்றொரு செலவும் அதே திசையிலே நிகழ்ந்தது. அது 2006ஆம் ஆண்டு. சித்திரையிலே தொடங்கிய எறிகணைகளும் குண்டுகளும் மூதூர்க் கிழக்கு ஊர்களை வேரோடு பெயர்த்தன. அன்று எங்களைச் சுமந்தது மாட்டு வண்டியன்று, உழவு இயந்திரப் பெட்டி. அதிலும் பானை இருந்தது, பாய் இருந்தது, கோழிகூட இருந்தது. கூரையாகத் தறப்பாள் கட்டியிருந்தோம். உமணர் வண்டியின் உறுப்புகள் ஒன்றும் குறைவில்லை; திரும்பும் நாள் ஒன்றுதான் இல்லை. வெருகலாற்றைக் கடந்து கதிரவெளி, வாகரை என்று ஒதுங்கினோம். அங்கே அக்காவின் கணவராகிய அத்தான் காய்ச்சலிலே கிடந்து, மருந்து கிட்டாமல் இறந்தார். அவர் பிணத்தைச் சுமந்ததும் அதே பெட்டிதான். பின்பு மட்டக்களப்பு முகாம். அதன்பின் கிளிவெட்டி முகாம். ஊரோ உயர்பாதுகாப்பு வலயமாகி, அனல்மின் நிலையத்துக்கென ஒதுக்கப்பெற்ற நிலமாகி, எங்களுக்கு எட்டாததாயிற்று. ஒன்பது ஆண்டுகள் சென்றபின், 2015ஆம் ஆண்டிலே 818 ஏக்கர் நிலம் விடுவிக்கப்பெற்றது. மறு ஆண்டு கடற்படை முகாம் இருந்த நிலத்திலும் பலர் குடியேறினர். அனல்மின் திட்டமும் 2016இல் கைவிடப்பட்டது.

அக்கா திரும்பவில்லை. மட்டக்களப்பிலே மகளோடு தங்கிவிட்டார். நான் முட்புதர் வெட்டி, கிணறு இறைத்து, தகரக் கொட்டில் போட்டுக் குடியேறிய நாட்களில், அவருடைய வளவு எனக்கு அடுத்தாற்போலக் காடாய்க் கிடந்தது. ஒரு நாள் தொலைபேசியிலே, "வந்து உங்கள் வளவைப் பாருங்கள்" என்றேன். "அங்கே எனக்கு என்ன இருக்குது, தம்பி?" என்றார். களைத்திருந்தேன், வெயிலிலே நின்றேன், நாவை அடக்கவில்லை. "ஊரை மறந்தவர்களுக்கு ஊர் எதற்கு?" என்று சொல்லிவிட்டேன். அக்கா மறுமொழி கூறவில்லை. தொலைபேசியை மெல்ல வைத்தார். அதன்பின் நன்மை தீமைகளுக்கு இரண்டொரு சொல் பேசினோம், அவ்வளவே. நாகாக்க வேண்டுமென்று வகுப்பிலே குறள் படிப்பிக்கும் ஆசிரியன் நான்.

பெறாமகன் வானைச் செய்தது எதற்கு என்பதை வெருகலைத் தாண்டும்போதுதான் சொன்னான்: "மாமியை ஏத்திக்கொண்டு வரத்தான், பெரியப்பா."

* * *

வெருகலிலே இன்று பாதை இல்லை. கிழக்கு மாகாணத்திலே பாதை என்பது வழியைக் குறிப்பதோடு, வாகனங்களை ஆற்றுக்கு அப்பால் ஏற்றிச்செல்லும் மிதவைக்கும் பெயராகும். 2011ஆம் ஆண்டிலே பாலம் அமைந்தபின், ஒரு நாழிகை காத்திருந்து கடந்த ஆற்றை இமைப்பொழுதிலே கடந்துவிடுகின்றோம். சித்திர வேலாயுதரைத் தொழுது, ஆற்றங்கரையிலே வானை நிறுத்தி, பின் கதவைத் திறந்து, சோறாக்கி உண்டோம். கதிரவெளியிலே வானை நிறுத்தச் சொல்ல எனக்குத் துணிவில்லை. சன்னலுக்கு வெளியே கடல் தெரிந்தது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

மட்டக்களப்பிலே அக்காவின் வீட்டு வாயிலில் வான் நின்றது. மருமகளும் பிள்ளைகளும் ஓடிவந்து கட்டிலிலே ஏறிக் குதித்தார்கள். அக்கா வாயிற்படியிலேயே நின்றார். முடி முழுதும் நரைத்துவிட்டது. என்னைப் பார்த்து, "வா தம்பி" என்றார். அந்தச் சொல்லிலே வெறுப்பும் இல்லை, பழைய உரிமையும் இல்லை. உள்ளே பார்வையைச் செலுத்தினார். பானையும் பாயும் மூட்டையும் கண்டார்.

"இதுக்குள்ளே நான் ஏற மாட்டன். உழவு மெசின் பெட்டிதான் ஞாபகத்துக்கு வருது."

பெறாமகன் வாடிப்போனான். நானும் பேசவில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பின் திண்ணையிலே ஓர் ஓசை கேட்டது. அக்கா வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். அம்மாவின் அதே பாக்குரல். பெட்டியிலே ஏறியபோது வேறெதையும் எடாமல் அதை மட்டும் சேலைத் தலைப்பிலே முடிந்துகொண்டு வந்தாராம். எங்களுள் ஒருவருக்கும் இது தெரியாது. உருத்திரங்கண்ணனார் வண்டியிலே தொங்கிய சிற்றுரலை முப்பது ஆண்டுகள் கற்பித்தவனுக்கு, தன் வீட்டு உரல் எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றவில்லை.

காலையிலே அக்காவே பெறாமகனிடம் கேட்டார்: "இந்த வண்டி உகந்தைக்குப் போகுமா? அம்மா கடைசிவரைக்கும் உகந்தை உகந்தை என்று சொல்லிக்கொண்டே போனா." ஊர் என்ற சொல்லை அவரும் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை. வான் தெற்கே திரும்பியது.

கல்லடி உப்போடையிலே விபுலாநந்த அடிகளார் சமாதியை வணங்கினோம். காரைதீவிலே 1892இல் தோன்றி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கி, யாழ்நூல் வெளிவந்த 1947ஆம் ஆண்டிலேயே மறைந்த அப்பெரியார், தாம் நிலைபெறுத்திய பள்ளியின் நிழலிலே துயில்கின்றார். எங்கெங்கோ சென்றவர் இறுதியில் தம் மண்ணிலே இடம் பெற்றார். அக்கா சமாதிக்கு ஒரு பூ வைத்துவிட்டு நெடுநேரம் நின்றார்.

அன்றிரவு திருக்கோவிலிலே, என்னோடு கீழைமொழிக் கல்லூரியிலே பயின்ற நண்பர் வீட்டு முற்றத்திலே வான் நின்றது. ஓய்வுபெற்ற ஆசிரியர், 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் ஆழிப்பேரலையிலே நூல்களையெல்லாம் இழந்தவர். "நன்னூலும் போயிற்று, காண்டிகையுரையும் போயிற்று, பாடம் மட்டும் போகவில்லை" என்று நகைத்தார். அவர் மனைவியார் படுக்கையறையை ஒழித்துத் தந்தார். அக்கா மறுத்து, "நான் வண்டிக்குள்ளேயே படுக்கிறன்" என்றார். நாங்கள் வாய்திறவாமல் வலையை இறக்கிக் கட்டினோம்.

பாணமையைக் கடந்தால் காட்டு வழி. உகந்தைமலை முருகன் கோயில் ஒருபுறம் கடலும் ஒருபுறம் காடுமாய் நிற்பது. அதன் அயலிலே குமண தேசிய வனத்தின் வாயில். யாழ்ப்பாணத்திலிருந்தும் எங்கள் பக்கத்திலிருந்தும் கதிர்காமத்துக்குக் கால்நடையாய்ச் செல்லும் அடியார்கள் வெருகலிலும் தங்கி, இவ்வாயிலினூடேதான் காட்டுக்குள் நுழைகின்றனர். யாத்திரை வழியும் விலங்குகளின் வழியும் ஒன்றாகும் இடம் அது. குமண வில்லு 1938ஆம் ஆண்டிலேயே பறவைப் புகலிடமாக்கப் பெற்றது. சூழவுள்ள காடு 1970இல் யால கிழக்கு என்னும் பெயரோடு தேசிய வனமாயிற்று. போர்க்காலத்திலே 1985 முதல் 2003 வரை அது மூடிக்கிடந்தது. நாங்கள் ஊரிழந்த அதே 2006இலேதான் அதற்குக் குமண என்னும் பழம்பெயர் மீண்டது.

எங்கள் வான் அக்காட்டுத் தடத்துக்கு ஏற்றதன்று. ஆகையால் அதனைக் கோயிலருகே நிறுத்திவிட்டு, ஜீப் ஒன்றை அமர்த்தி உள்ளே சென்றோம். வைகாசி, ஆனியிலே வந்திருந்தால் மரம் நிறையக் கூடுகளும் குஞ்சுகளும் கண்டிருக்கலாம் என்றார் வழிகாட்டி. ஆவணியிலே நீர் வற்றியிருந்தது. எஞ்சிய சேற்றிலே மஞ்சள் மூக்கு நாரைகளும் கரண்டிவாயன்களும் இரை தேடின. கூழைக்கடா ஒன்று தனியே மிதந்தது. எருமைகள் சேற்றிலே கிடந்தன. தொலைவிலே யானையொன்று தன் கன்றைக் காலிடையே நிறுத்திக்கொண்டு எங்களை நோக்கிற்று. நாரையைக் கண்டதும் சத்திமுற்றப் புலவரையும், வறுமையிலே வாடிய அவர் தம் மனைவிக்கு நாரையைத் தூது விட்டதையும் சொல்லத் தொடங்கினேன். அக்கா இடைமறித்தார்.

"கூடு கட்டின மரத்துக்கே இதுகள் திரும்பி வருமோ, தம்பி?"

வழிகாட்டியிடம் கேட்டேன். "தண்ணி இருந்தால் வரும் அம்மா. தண்ணி இல்லாத வருசம் வேற இடம் பார்க்கும். அதுகளைக் குறை சொல்ல ஏலாது" என்றார். அவர் பறவையைப் பற்றித்தான் சொன்னார். நான் தலை குனிந்தேன்.

* * *

திரும்பும் வழியிலே மட்டக்களப்பு வந்தது. மகள் வீட்டு ஒழுங்கையை நோக்கிப் பெறாமகன் திருப்ப முயன்றான். அக்கா, "நேரே விடு" என்றார். அவ்வளவுதான். வாழைச்சேனை கடந்தது, பனிச்சங்கேணிப் பாலம் கடந்தது, வாகரை கடந்தது. கதிரவெளியிலே, "இஞ்சை நிப்பாட்டு" என்றார்.

அத்தானைப் புதைத்த இடம் மணல் மேடு. அடையாளம் ஒன்றும் இல்லை. அக்கா காஸ் அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லி, தாமே தேத்தண்ணீர் ஊற்றினார். அத்தானுக்குச் சீனி மிகுதியாக வேண்டும், அவ்வாறே கலந்தார். முதற் கோப்பையை மணலிலே ஊற்றினார். இரண்டாவதை என்னிடம் நீட்டினார். அப்பொழுதுதான் எனக்கு வாய் திறந்தது.

"அக்கா, அன்றைக்குப் போனிலே நான் சொன்னது..."

"சொன்னது நீதானே. வேற ஆர் எனக்குச் சொல்லுவினம்? குடி, ஆறப்போகுது."

நான் குடித்தேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. மன்னிப்பைத் தேத்தண்ணீராகத் தந்தார் என்றே கொண்டேன்.

மாலையிலே சம்பூர் சேர்ந்தோம். பத்திரகாளி அம்மன் கோயில் மணி ஒலித்தது. அக்கா தம் வளவிலே நின்று சுற்றிப் பார்த்தார். வீட்டின் அடித்தளம்கூட இல்லை. கிணறு மட்டும் இருந்தது. அதனை ஆண்டுதோறும் இறைத்துத் துப்புரவு செய்திருந்தேன். அது ஒன்றே நான் வாய்பேசாமற் செய்த நற்செயல். வாளியால் அள்ளிக் குடித்துவிட்டு, "தண்ணி மாறேல்லை" என்றார். நான்கு நாட்கள் தங்கினார், என் வீட்டிலன்று, தம் வளவிலே நிறுத்திய வானிலே. அயலார் வந்தனர், பழைய தோழிகள் வந்தனர், பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அனைவருக்கும் வெற்றிலை இடித்துக் கொடுத்தார். வீடில்லாத வளவிலே, நான்கு நாட்கள் ஒரு வீடு இருந்தது.

ஐந்தாம் நாள், "பேரப்பிள்ளைகள் தேடும், கொண்டுபோய் விடு" என்று பெறாமகனிடம் சொன்னார். நான் தடுக்கவில்லை. ஊர் என்பது குடியிருந்தே தீர வேண்டிய கடனன்று, வந்து போகத்தக்க உரிமையும் ஆகும் என்பதை ஒன்பது ஆண்டுகள் முகாமிலே இருந்தும் நான் அறியவில்லை. ஒரு வானிலே பத்து நாள் சென்றபின் அறிந்தேன். புறப்படும்போது பாக்குரலை என் கையிலே தந்தார். "இது இங்கே கிடக்கட்டும். நான் வரும்போது வேணும்" என்றார்.

புறநானூற்றிலே ஒளவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியை உமணர் வண்டியின் சேம அச்சுக்கு ஒப்பிடுவார். எருதுகள் இளையவை, பாரமோ பெரிது, வழியிலே பள்ளமும் மேடும் எப்படி இருக்குமென்று யார் அறிவார்? ஆகையால் உமணர் வண்டியின் அடிமரத்திலே மற்றுமோர் அச்சைக் கட்டிவைப்பர். முதல் அச்சு முறிந்தாலும் செலவு தடைப்படாது. அக்காவுக்கும் எனக்கும் இடையே முறிந்த அச்சுக்கு மாற்றாக, இந்த இளைஞன் இத்தனை ஆண்டுகள் எங்கள் குடும்பத்தின் அடியிலே கட்டுண்டு கிடந்தான். பாரம் ஏறிய நாளிலேதான் நான் கண்டேன்.

வரும் ஆண்டு இப்பாடலைக் கற்பிக்கும்போது, பாக்குரலை வகுப்புக்குக் கொண்டுசெல்ல எண்ணியிருக்கின்றேன். அதற்குள் அக்கா வந்துவிட்டால், அவர் வெற்றிலை இடித்து முடியும்வரை மாணாக்கர் காத்திருக்கட்டும்.